உடன்படிக்கையிலிருந்து தொடங்குவோம்: சர்வதேச உறவுகள் என்னும் கல்வியில் மாணவர் பிரவேசம் பற்றி

நமது கல்லூரிகளில் சர்வதேச உறவுகள் என்னும் பாடம் தொடங்கும் முதல் வாரத்தில், யுத்தங்கள் ஏன் மூள்கின்றன, சமாதானங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று மெய்யாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு வந்து உட்காரும் மாணவருக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது, பெரும்பாலும், சித்தாந்தங்களின் ஜாபிதா ஒன்றேயாகும். யதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியம், ஆக்கவாதம் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆசிரியர், ஒரு நூல், ஓர் ஆண்டு, சில நிறைகள், சில குறைகள். பரீட்சைக்கு இது மிகவும் சௌகரியமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வரிசை மாணவர் கையில் விடைகளை மட்டும் வைத்துவிட்டு, எந்தக் கேள்விக்கு அவை விடைகளாகப் பிறந்தன என்பதை மறைத்துவிடுகிறது. கேள்வியே எழாத மனத்தில் விழுந்த விடை எவ்வளவு சீக்கிரம் உதிர்ந்துபோகும் என்பதை விடைத்தாள் திருத்திய எவரும் அறிவர். ஆகவே, முதல் வாரத்தில் சித்தாந்தம் எதையும் சொல்லாமல், ஓர் உடன்படிக்கையை அதன் அனுபந்தங்களோடு முழுமையாக மாணவர் கையில் கொடுத்து, வரி வரியாகப் படிக்கச் செய்து, அந்த வாசிப்பில் எழும் கேள்விகளின் வழியே சித்தாந்தங்களை வரவழைப்பதே முறை என்பதை இக்கட்டுரையில் நிலைநாட்ட முயல்கிறேன்.

பாடத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்தில் இத்துறையைச் சுட்டும் சொல்லை ஜெரமி பெந்தாம் என்னும் சட்ட அறிஞர், 1789இல் வெளிவந்த தம் நூலில் புதிதாக ஆக்கினார். அச்சொல்லின் முன்னொட்டு ‘இடையில்’ என்னும் பொருளைத் தருவது. தமிழில் நாம் ‘சர்வதேசம்’ என்றோம். பிறகு ‘அனைத்துலகம்’ என்றும் ‘பன்னாட்டு’ என்றும் மாற்றிக்கொண்டோம். மூன்றும் நல்ல சொற்களே. எனினும் மூன்றிலும் ‘இடை’ என்பது கரைந்து, ‘எல்லாம்’ அல்லது ‘பல’ என்பது மேலோங்கிவிட்டது. இதனால் நம் மாணவர், தேசங்களுக்கெல்லாம் மேலே எங்கோ நடக்கும் ஒரு காரியமாகவும், நியூயார்க்கில் உயர்ந்து நிற்கும் ஒரு கட்டடமாகவும் இத்துறையைக் கற்பனை செய்துகொள்கின்றனர். இரண்டு அரசுகளுக்கு இடையில் கிடப்பது எது, அதை அவை எப்படிப் பங்கிட்டன, பங்கிட்டதை யார் காவல் காக்கிறார் என்னும் கேள்விகள் இந்தக் கற்பனைக்குள் நுழைவதே இல்லை.

இத்துறை ஒரு பல்கலைக்கழகப் பாடமாக அவதரித்த வரலாறும் இதையே சொல்கிறது. வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊராகிய அபெரிஸ்ட்வித்தில் 1919ஆம் ஆண்டு, முதலாவது உலக யுத்தத்தில் மாண்டும் காயமுற்றும் போன மாணவர்களின் நினைவாக, டேவிட் டேவீஸும் அவருடைய சகோதரிமார் இருவரும் அளித்த 20,000 பவுன் நன்கொடையால், உட்ரோ வில்சனின் பெயரில் ஒரு பேராசிரியர் பீடம் நிறுவப்பட்டது. முதலில் அதில் அமர்ந்தவர் ஆல்பிரட் சிம்மர்ன். 1936இல் அதே பீடத்துக்கு வந்த ஈ. எச். கார், பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு முன்பிருந்தே பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவில் பணிபுரிந்து, ஒப்பந்தங்கள் எழுதப்படுவதையும் அவை கிழிபடுவதையும் அருகிருந்து கண்டவர். அவர் 1939இல் வெளியிட்ட ‘இருபதாண்டு நெருக்கடி’ என்னும் நூலை இன்று நாம் ‘யதார்த்தவாதம்’ என்னும் தலைப்பின் கீழ் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். அந்நூலை எழுதிய கையோ வர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் வாசகங்களில் பழகிய கை. ஜெர்மனியில் சட்டம் பயின்று, அகதியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1948இல் தம் பெருநூலை வெளியிட்ட ஹான்ஸ் மார்கெந்தோவின் கதையும் ஏறக்குறைய அத்தகையதே. ஆவணத்திலிருந்து சித்தாந்தத்துக்கு நடந்துசென்ற மனிதர்களின் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் நடந்த பாதையை நாம் மாணவருக்கு அடைத்துவிட்டோம்.

எந்த உடன்படிக்கையைத் தேர்ந்தெடுப்பது? 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்பேலியா சமாதானத்தைச் சிலர் கூறுவர். இறையாண்மை அங்கே பிறந்தது என்று பாடநூல்கள் சொல்வது மிகைக்கூற்று என்பது ஒருபுறமிருக்க, புனித ரோமானியப் பேரரசின் சிற்றரசர் உரிமைகளை நம் மாணவருக்கு விளக்குவதற்குள் பருவம் முடிந்துவிடும். நான் பரிந்துரைப்பது, 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி கராச்சியில் கையெழுத்தான சிந்து நதிநீர் உடன்படிக்கை. உறுப்புகள் 12, அனுபந்தங்கள் 8. ஒரு வாரத்தில் படித்து முடிக்கத் தக்க அளவு; ஒரு பருவம் முழுவதும் விவாதிக்கத் தக்க ஆழம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1947இல் பஞ்சாபைக் கீறிச் சென்ற எல்லைக்கோடு, ஒரே பாசன அமைப்பாகக் கட்டப்பட்டிருந்த கால்வாய்களையும் அவற்றின் தலைமதகுகளையும் வெவ்வேறு நாடுகளில் தள்ளியது. ராவியின் மீதுள்ள மாதோபூர் தலைமதகும் சட்லெஜின் மீதுள்ள பிரோஸ்பூர் தலைமதகும் இந்தியாவில் நின்றன. அவற்றிலிருந்து பிரிந்த கால்வாய் நீரை நம்பிய வயல்களில் ஒரு பகுதி பாகிஸ்தானில் கிடந்தது. தற்காலிக ஏற்பாடு 1948 மார்ச் 31இல் காலாவதியாயிற்று. மறுநாளே கிழக்குப் பஞ்சாப் அரசு அக்கால்வாய்களில் நீரை நிறுத்தியது. மே மாதம் 4ஆம் தேதி டில்லியில் ஓர் இடைக்கால இணக்கம் ஏற்பட்டு நீர் மறுபடியும் ஓடிற்று; எனினும் அந்தச் சில வாரங்களின் அச்சம் பாகிஸ்தானின் மனத்தைவிட்டு இன்றுவரை நீங்கியபாடில்லை. 1951இல் டேவிட் லிலியந்தால் என்னும் அமெரிக்கர் இரு நாடுகளையும் சுற்றிப் பார்த்து எழுதிய கட்டுரையை உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் பற்றிக்கொண்டு மத்தியஸ்தத்துக்கு முன்வந்தார். எட்டாண்டுப் பேச்சுக்குப் பின், சட்லெஜ், பியாஸ், ராவி என்னும் கிழக்கு நதிகள் மூன்றும் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் என்னும் மேற்கு நதிகள் மூன்றும் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கும் என்று முடிவாயிற்று.

இனிப் பத்திரத்தைத் திறப்போம். முதலில் மாணவர் பார்வை கையெழுத்துப் பக்கத்தில் விழட்டும். ஜவாஹர்லால் நேரு இந்தியாவுக்காகவும், அயூப் கான் பாகிஸ்தானுக்காகவும் கையெழுத்திட்டிருக்கின்றனர். மூன்றாவதாக உலக வங்கியின் சார்பில் டபிள்யூ. ஏ. பி. இலிஃபின் பெயர், ஆனால் அவருடைய கையெழுத்து 5, 10 ஆகிய உறுப்புகளுக்கும் எஃப், ஜி, எச் என்னும் அனுபந்தங்களுக்கும் மட்டுமே உரியது என்று வரையறை செய்யப்பட்டிருக்கிறது. ஓர் ஆண்டு என் வகுப்பில் பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “ஐயா, ஒரு வங்கி எப்படி இரண்டு அரசுகளுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட முடியும்? போட்டால் முழுவதற்கும் போட வேண்டியதுதானே?” என்று கேட்டாள். அரசல்லாத ஓர் அமைப்பு அரசுகளுக்கிடையில் எவ்வளவு தூரம் நுழையலாம், எந்த வாசலில் நின்றுவிட வேண்டும் என்பதைப் பற்றி நிறுவனவாதிகள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது. நான் விடை கூறவில்லை. 5ஆம் உறுப்பைப் படிக்கச் சொன்னேன். அதில் பணம் இருக்கிறது. மாற்றுக் கால்வாய்கள் கட்டும் செலவில் தன் பங்காக இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுனைப் பத்து ஆண்டுத் தவணைகளில், வங்கியின் வசமிருந்த நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. 1965ஆம் ஆண்டு யுத்தத்தின்போதும் அத்தவணை நிற்கவில்லை. ஏறத்தாழ 90 கோடி டாலர் அளவில் அமைந்த அந்நிதிக்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகியவை ஏன் பணம் போட்டன என்று கேட்டால், பனிப்போர் என்னும் பெரிய கதவு தானே திறந்துகொள்கிறது. பாகிஸ்தான் 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணிகளில் சேர்ந்திருந்தது என்னும் செய்திக்கு இப்போது ஓர் இடம் கிடைக்கிறது.

8ஆம் உறுப்பில் எனக்குத் தனிப்பட்ட பிரீதி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிரந்தர சிந்து ஆணையத்துக்கு ஒவ்வோர் அரசும் ஓர் ஆணையரை நியமிக்க வேண்டும். அவர் சாதாரணமாக நீரியலிலும் நீர்ப் பயன்பாட்டிலும் வல்ல உயர்நிலைப் பொறியாளராக இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. ராஜதந்திரி என்று எழுதவில்லை. நீதிபதி என்றும் எழுதவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மாறி மாறி இவர்கள் கூட வேண்டும். நதிகளையும் பணிகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொதுச் சுற்றுப்பயணமாகச் சென்று நேரில் பார்க்க வேண்டும். பகை நாட்டின் மண்ணில் நின்று, பகை நாட்டின் அளவுகோலால், பகை நாட்டின் ஆற்றை அளந்து பார்க்கும் உரிமையை ஒரு பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்த அரசுகள் உலகில் அதிகமில்லை. பேச்சுவார்த்தையில் இந்தியாவின் பக்கம் நின்ற குல்ஹாத்தி போன்றோரும், எதிரே அமர்ந்த பாகிஸ்தானியப் பொறியாளர் பலரும், பிரிவினைக்கு முன் ஒரே பஞ்சாப் பாசன மரபில் வளர்ந்தவர்கள். கன அடிக் கணக்கு என்னும் ஒரு பொது மொழி அவர்களுக்கு இருந்தது. நலன்கள் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை, அரசுகள் அவற்றைத் துரத்துகின்றன என்னும் கொள்கைக்கும், யார் யாரோடு எந்த மொழியில் பேசுகிறார் என்பதிலேயே நலன்கள் உருவாகின்றன என்னும் கொள்கைக்கும் உள்ள பேதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் அறியேன்.

யதார்த்தவாதிக்கும் இங்கே தீனி குறைவில்லை. மேற்கு நதிகளின் மேல்நிலத்தில் இருப்பது இந்தியா. மேல்நிலத்தில் இருப்பவனை நம்பாத கீழ்நிலத்தானின் சந்தேகமே அனுபந்தங்களின் நீளத்துக்குக் காரணம். ரண்பீர் கால்வாயில் ஏப்ரல் 15 முதல் அக்டோபர் 14 வரை வினாடிக்கு 1,000 கன அடி, மற்ற மாதங்களில் 350. மேற்கு நதிகளால் இந்தியா புதிதாகப் பாய்ச்சத்தக்க நிலம் 7,01,000 ஏக்கர். தேக்கத்தக்க நீர் மொத்தம் 36 லட்சம் ஏக்கர் அடி. நம்பிக்கை உள்ளவர்கள் இவ்வளவு எண்களை எழுதிக்கொள்வதில்லை. இந்த அவநம்பிக்கையே உடன்படிக்கையைக் காப்பாற்றிற்று என்பது என் அபிப்பிராயம். எண்ணாக எழுதப்பட்டதை மீறினால் மீறல் கண்ணுக்குத் தெரியும். முகவுரையில் உள்ள நல்லெண்ணமும் நேசமும் பற்றிய சொற்களைவிட, 350 என்னும் இலக்கத்துக்கு அதிக ஆயுள் இருந்தது.

பத்திரம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கக் கற்பிப்பதே எல்லாவற்றிலும் கடினமான பகுதி. 11ஆம் உறுப்பு, இதில் வெளிப்படையாகக் கூறப்பட்டவை தவிர, வேறெந்த உரிமையையும் எந்தத் தரப்பும் ஏற்றதாகவோ விட்டுக்கொடுத்ததாகவோ கொள்ளலாகாது என்று கூறுகிறது. எந்த நிலத்தின் மீதுள்ள உரிமை மனத்தில் இருந்ததென்று மாணவர் தாமே கண்டுபிடிக்கின்றனர். மேற்கு நதிகளில் ஜீலமும் செனாபும் எந்தப் பள்ளத்தாக்குகளின் வழியே வருகின்றன என்று தேசப்படத்தில் விரலை ஓட்டினால் போதும். அந்நிலத்தில் வாழ்ந்தவர்களோடு எவரும் கலந்து பேசியதாகப் பத்திரத்தில் தடயமில்லை. 2002இல் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம் உடன்படிக்கையை மறுபரிசீலனை செய்யக் கோரித் தீர்மானம் இயற்றியது, இந்த மௌனத்துக்கு நாற்பதாண்டுகள் கழித்து வந்த மறுமொழி. அப்பால், உடன்படிக்கையின் பயனாக எழுந்து 1967இல் முடிந்த மங்களா அணை, மீர்பூர் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீடும் வயலும் இழக்கச் செய்தது. அவர்களில் கணிசமானோர் பிரிட்டனுக்குக் கப்பலேறினர். இன்று பிராட்போர்டு நகரத் தெருக்களில் கேட்கும் மீர்பூரிப் பேச்சுக்குக் காரணங்களில் ஒன்று, கராச்சியில் மூன்று பிரதிகளாக, இரு நாட்டு மக்களின் தாய்மொழிகளில் எதிலும் இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தப் பத்திரம். அரசுகளை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்தக் குடும்பங்கள் தென்படுவதில்லை. அவர்களைக் கண்டபின், அரசு ஒன்றே இத்துறையின் பாத்திரம் என்னும் கொள்கையை மாணவர் எளிதில் விழுங்கமாட்டார்கள்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 22இல் பஹல்காமில் நடந்த கொடுங்கொலைகளுக்கு மறுநாள், இவ்வுடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக இந்திய அரசு அறிவித்தது. அன்றுமுதல் இப்பாடம் நேற்றைய சரித்திரமாக இல்லாமல் இன்றைய வழக்காகிவிட்டது. 12ஆம் உறுப்பைத் திறந்தால், இரு அரசுகளும் அதற்கெனவே செய்துகொண்டு முறைப்படி அங்கீகரித்த மற்றோர் உடன்படிக்கையால் முடிவுறும்வரை இது நீடிக்கும் என்று இருக்கிறது; நிறுத்திவைத்தல் என்னும் நிலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்பாட்டில் இந்தியா சேரவில்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டும் அங்கீகரிக்கவில்லை. அப்படியானால் எந்தச் சட்டம் ஆளுகிறது? வழக்காற்றுச் சட்டம் ஆளும் என்பாரும், பலமே ஆளும் என்பாரும், இரண்டுக்கும் நடுவில் வேறொன்று இருக்கிறது என்பாரும் வகுப்பில் தாமாகவே மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தேன். மூன்றாம் கட்சியினருக்கு ஹெட்லி புல் 1977இல் எழுதிய நூலைக் காட்டினேன். மேலாளும் அதிகாரம் இல்லாத இடத்திலும் அரசுகள் ஒரு சமுதாயமாக வாழ முடியும் என்பது அவர் வாதம். பெயர் தெரியாமலே தாங்கள் சொல்லிக்கொண்டிருந்த கருத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்று கண்டபோது அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை ஜாபிதா முறையில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒரே உடன்படிக்கையில் மூழ்கிய மாணவர் அணு ஆயுதத்தையும் வர்த்தகத்தையும் எப்படி அறிவார் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். வாசிக்கப் பழகிய கண் அடுத்த பத்திரத்துக்குத் தானே போகும் என்பதற்கு மேல் இதற்கு விரிவான சமாதானம் தேவையில்லை. இதற்கு நேர் எதிரான ஆட்சேபம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்முடைய மரபிலேயே இத்துறை இருக்கையில், 1909இல் ஷாம சாஸ்திரியார் பதிப்பித்த அர்த்தசாஸ்திரமும் திருக்குறளின் தூது அதிகாரமும் இருக்கையில், அங்கிருந்து ஏன் தொடங்கலாகாது என்பது அது. தொடங்கலாம், ஆனால் முகப்பில் தோரணமாகக் கட்டிவிட்டு உள்ளே வேறு பாடம் நடத்துவதற்காக வேண்டாம். கௌடில்யரின் மண்டலக் கொள்கையில் அண்டை அரசன் இயல்பிலேயே பகைவன். அந்தப் பகைவனோடு ஓர் ஆற்றைப் பங்கிட்டு அறுபதாண்டு காத்த கதையை அருகில் வைத்துப் படித்தால்தான், அவருடைய ஆறு குணங்களில் சந்தி என்பது முதலில் நிற்பதன் பொருள் விளங்கும்.

டில்லியில் 1955இல் தொடங்கிய இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளியின் இயக்குநராக விளங்கிய அப்பாதொரை, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தம் நூலில், கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னாட்டுப் பொருளாதார நிலையை ஆராய்ந்தவர். அக்காலத்தை ஆராய்பவனுக்குக் கல்வெட்டே முதல் சாட்சி. தானம் கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், எல்லை எங்கே, நீர்ப்பங்கு எவ்வளவு, மீறினவன் என்ன ஆவான் என்று ஒரு கோயிற் சுவரை வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஓர் உடன்படிக்கையை வாசிப்பது புதிய வித்தையாக இராது. இந்த வாசிப்புப் பயிற்சி தமிழ் மாணவருக்கு வேற்று நாட்டுச் சரக்கு என்று நான் கருதாததற்கு இதுவே காரணம்.

இவ்வாண்டு ஜி அனுபந்தத்தைக் கடைசி வகுப்புக்கு வைத்தேன். தகராறு முற்றி எழுவர் அடங்கிய நடுவர் மன்றம் அமையும்போது, பொதுவான மூவரைப் பற்றி உடன்பாடு ஏற்படாவிட்டால், அவர்களைத் தெரிந்தெடுப்போர் யார் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். தலைவரைத் தெரிந்தெடுப்பவர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் அல்லது உலக வங்கித் தலைவர்; பொறியாளரைத் தெரிந்தெடுப்பவர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் அல்லது லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவர்; சட்ட வல்லுநரைத் தெரிந்தெடுப்பவர் அமெரிக்காவின் தலைமை நீதிபதி அல்லது இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. சுதந்திரம் பெற்றுப் பதின்மூன்றே ஆண்டுகளான இரண்டு தேசங்கள், ஒன்றையொன்று நம்பாத வேளையில், இருவரும் நம்பக்கூடியவர்களென்று எழுதிவைத்த ஆறு பதவிகள் இவை. அவற்றை அழித்துவிட்டு, இரு நாடுகளும் இன்றைக்கு ஏற்கத்தக்க ஆறு பதவிகளை எழுதுங்கள் என்று கரும்பலகையை அவர்களிடம் விட்டேன். ஒருவன் சிங்கப்பூர் என்றான். ஒருத்தி ஹேக் நீதிமன்றம் என்றாள். சீனாவின் பெயர் வந்தது, உடனே அழிக்கப்பட்டது. ரஷ்யா எழுதப்பட்டு, நெடுநேர வாதத்துக்குப் பின் அதுவும் போயிற்று. இரண்டாம் வரி நிரம்புமுன் மணி அடித்துவிட்டது. வகுப்பைவிட்டு வெளியேறும்போது நால்வர் என் மேசைக்கு வந்து, உடன்படிக்கைகளின் புனிதம் பற்றியும், தேசங்களுக்கிடையிலான வழக்குகளை நீதிமன்றம் தீர்ப்பது பற்றியும் எந்த நூலில் படிக்கலாம் என்று கேட்டனர். காரின் நூலில் இரண்டு பொருளுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. என் பிரதியையே கொடுத்தனுப்பினேன்.